மழை இல்லாத படம்

“அம்மா, ஒளிச்சிருக்கிறவன் எங்கையெண்டு எனக்குத் தெரியும். தேடுறவன் வந்து கேக்கிறான். நான் வாயைத் திறக்காமல் நிண்டால் அது பொய்யோ?”

ஜஸ்ரின் இப்படிக் கேட்டபோது சின்னப் பையன். ஞானப்பாட வகுப்பில் பத்துக் கட்டளைகளைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தான். லூர்த்தம்மா யாழ்ப்பாணத்துக் குருநகர் வீட்டின் பின்பக்கத்தில் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கறுப்பு மை. “போய்ப் பாதரைக் கேள்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டாள். அவன் கேட்டானோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அது வீட்டைவிட்டுப் போய்விடுவதில்லை. ஒரு மூலையில் இருந்துகொண்டு, நம்மோடு சேர்ந்து வயதுபோகும்.

ஜஸ்ரின் வளர்ந்தான், பல்கலைக்கழகம் போனான். காணாமல் போனவர்களுக்காக நடந்த கூட்டமொன்றில் மைக்கைப் பிடித்துப் பேசினான். அடுத்த கிழமையே ஒழுங்கை முகப்பில் தெரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கத் தொடங்கியது. அதன் பிறகு அவன் இந்த வீட்டில் அதிகநாள் படுத்தெழும்பவில்லை. பாரிஸ் போய்ச் சேர்ந்தான் என்ற செய்தி மட்டும் வந்தது. விசா இல்லை, வேலை இல்லை. அந்த நிலையைத் தாய்க்குச் சொல்ல வெட்கப்பட்டு அவன் போன் எடுப்பதையே விட்டுவிட்டான்.

அந்த நாட்களில் லூர்த்தம்மாவை உயிரோடு வைத்திருந்தது முன்பின் தெரியாத ஒரு பெண். ஜஸ்ரின் இருந்த அறையின் சொந்தக்காரி, அல்ஜீரியாக்காரி. அவனுக்குத் தெரியாமல் அவனைப் படமெடுத்து, பக்கத்துத் தமிழ்க் கடைக்காரர் மூலமாக அனுப்புவாள். சூப் குடிக்கிற ஜஸ்ரின். சப்பாத்தோடு நித்திரையான ஜஸ்ரின். ஒரு சொல் எழுதமாட்டாள், படம் மட்டும்தான். லூர்த்தம்மா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் சோறு தின்றாள். இன்று ஜஸ்ரினுக்கு விசா உண்டு, மனைவி உண்டு. அந்தப் பெண் மட்டும் எங்கே என்று தெரியவில்லை. செபமாலையின் கடைசி மணியில் லூர்த்தம்மா அவளை நினைப்பாள்.

ஹாரூனுக்கு மேல்வீட்டை வாடகைக்குக் கொடுத்ததும் அந்த நினைவில்தான்.

ஹாரூன் வேறு நாட்டுக்காரன். எந்த நாடு என்பதை இங்கே சொல்லாமல் விடுவதே அவனுக்கு நல்லது. அங்கே பத்திரிகையில் எழுதியவன். சிறைக்குள் போய் வெளியே வராதவர்களின் பெயர்களை எழுதியதால் ஓடிவரவேண்டியதாயிற்று. கொழும்பில் அகதியாகப் பதிந்துவிட்டு, ஏதாவது ஒரு குளிர்நாடு தன்னை ஏற்கும்வரை காத்திருந்தான். நீர்கொழும்பில் அவனுடைய நாட்டார் நிறையப் பேர் இருந்தார்கள். எவர் அகதி, எவர் வேவுபார்ப்பவர் என்று தெரியாத பயத்தில் அங்கேயிருந்து விலகினான். ஒரு பாதர்தான் அவனைக் குருநகருக்குக் கொண்டுவந்து விட்டார்.

“அம்மா, ஒண்டே ஒண்டுதான்,” என்றான் வந்த அன்றே. இலங்கைக்கு வந்து இரண்டு வருடத்தில் பழகிய தமிழ். “என்ரை படம் ஒருத்தரும் போடக்கூடாது. பேஸ்புக்கிலை, ஒண்டிலையும். அவையள் பிடிச்சுக் கொண்டுபோனால் நான் திரும்பி வரமாட்டன்.”

“நான் ஏன் மோனை போடுறன்? எனக்கு அது போடவும் தெரியாது.”

அவள் சொன்னது பொய்யல்ல. ஆனாலும் நடந்தது நடந்தது.

குருநகருக்குக் கடலட்டை வாங்க வெளிநாட்டு வியாபாரிகள் வந்துபோவது வழமை. அப்படி ஒருவன், ஹாரூன் வெளியே போயிருந்த நேரம் பார்த்து வாசல் படலையைத் தட்டினான். நல்ல உடுப்பு, பணிவான முகம். மெட்ராசில் படித்தவனாம், தமிழ் கொஞ்சம் பேசினான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். தலையை மூடிய ஒரு முதியவள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

“இது ஹாரூனுடைய அம்மா. வீட்டாரோடு அவனுக்குக் கோபம். நாலு வருஷமாக முகத்தைக் காட்டவில்லை. நீங்களும் ஒரு அம்மாதானே. இடைக்கிடை ஒரு படம் அனுப்பினால் போதும். அவனிடம் சொல்லாதீர்கள், ரோஷக்காரன்.”

படத்திலிருந்த அந்தக் கண்களை லூர்த்தம்மா பார்த்தாள். நாலு வருஷம். தன்னுடைய பழைய முகத்தையே யாரோ கண்ணாடியில் காட்டியதுபோல இருந்தது. பேஸ்புக்கில் போடாதே என்றுதானே அவன் சொன்னான். தாய்க்கு அனுப்பாதே என்று சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். பாரிஸ்காரி தனக்குச் செய்ததைத் தான் இன்னொருத்திக்குச் செய்யக் கடவுள் வழி திறந்திருக்கிறார் என்றே நம்பினாள்.

அவன் தன் கையாலேயே அவள் போனில் போட்டுவிட்டுப் போன இலக்கத்துக்கு, ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து ஒரு படம் அனுப்புவாள். புட்டுத் தின்கிற ஹாரூன். மேல்தளத்தில் உடுப்புக் காயப்போடுகிற ஹாரூன். கூடவே தன் குரலையும் பதிந்து அனுப்புவாள்: “அம்மா, உங்கடை பிள்ளை சுகமாயிருக்கிறான். இண்டைக்குப் பாரைமீன் குழம்பு. எனக்கு முழங்கால் நோ. உங்களுக்கும் இருக்கோ? உங்களுக்காகச் செபிக்கிறன்.” பதில் எழுத்தில் வரும். மிசின் மொழிபெயர்த்த தமிழ். “மதிப்பிற்குரிய அம்மையாரே, நன்றி. அன்னையார் மகிழ்ச்சி அடைந்தார்.” படித்த பேரப்பிள்ளை யாரோ எழுதுகிறது போலும் என்று அவள் எண்ணினாள்.

ஐப்பசி வெயில் நாளொன்றில் ஹாரூன் மேலிருந்து இறங்கி வந்தான். முகத்தில் இரத்தமில்லை. கையில் போன்.

“அம்மா, ஊரிலை என்ரை தம்பியைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கினம். இந்தப் படத்தைக் காட்டினவையாம். ‘உன் அண்ணன் எங்கே என்று எங்களுக்குத் தெரியும். பொய் வழக்கோ மெய் வழக்கோ, இலங்கைப் பொலிசுக்குக் கடதாசி அனுப்பி எடுப்போம்’ எண்டவையாம். தம்பி எப்பிடியோ எனக்கு அனுப்பிப்போட்டான்.” போனை அவளிடம் நீட்டினான். “கஜீவன்தான். அவன் மட்டும்தானே மேலை வாறவன்.”

கஜீவன் சந்தியில் போன் திருத்துகிற இளைஞன். ஹாரூனுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே கூட்டாளி.

லூர்த்தம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். நீலச் சேட்டு. பின்னால் அவளுடைய கொடி, அவளுடைய சீலை. இந்த இடத்தில் அவள் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் ஒருவரும் அறிந்திருக்கமாட்டார்கள். ஒரு நல்ல நட்பு முறிந்திருக்கும், அவ்வளவுதான். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

“கஜீவன் இல்லை மோனை. நான்.”

“என்ன?”

“உன்ரை அம்மாவுக்கு அனுப்பினனான். நீ கோவமாம், முகம் காட்டுறேல்லையாம். அந்த மனிசி கிடந்து தவிக்குமெண்டு...”

அவன் அவளுடைய போனை வாங்கினான். தலையை மூடிய அந்த முதியவளை நெடுநேரம் பார்த்தான்.

“இந்த மனிசியை எனக்குத் தெரியாது அம்மா. என்ரை அம்மா செத்து ஆறு வருசம்.”

லூர்த்தம்மா நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. அவன் மேலே போனான். பெட்டி இழுபடுகிற சத்தம், அலுமாரிக் கதவு அடிக்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. மறுபடி படியில் காலடி கேட்டபோது ஏச்சு வாங்க அவள் தலையைக் குனிந்தாள். அவன் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தான்.

“குடியுங்கோ. நீங்கள் என்னை விக்கேல்லை. உங்கடை நல்ல மனசை அவையள் களவெடுத்திருக்கினம். களவு குடுத்த ஆளோடை ஆர் கோவிக்கிறது?”

தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. அவள் முழுவதையும் குடித்தாள். குடித்து முடித்ததும் அவளுக்கு மூளை வேலைசெய்யத் தொடங்கியது.

“உன்ரை பிளேன் எப்ப?”

“குளிர்நாட்டுக்காரர் என்னை எடுக்கிறமெண்டு சொல்லிப்போட்டினம். நத்தாருக்கு முன்னம் அனுப்புவினமாம்.”

“பொலிசுக்குக் கடதாசி வர?”

“அதுக்கும் கொஞ்ச நாள் வேணும். நான் உடனை இஞ்சையிருந்து வெளிக்கிடுறன். ஆனால் நான் இடம் மாறிட்டன் எண்டு தெரிஞ்சால் கடதாசிக்குக் காத்திராயினம். ஆளை விட்டுத் தேடுவினம்.”

“நீ இல்லையெண்டு எப்ப தெரியவரும்?”

“வாற ஞாயிறு. படம் வராட்டி.”

“படம் வந்தால்?”

ஹாரூன் அவளைப் பார்த்தான். அன்றைக்கு முதல்தடவையாக அவன் முகம் தெளிந்தது.

மறுநாள் பின்னேரம் முழுவதும் அவர்களுக்கு அதுவே வேலை. கிறிஸ்து பிறக்கும் நத்தார்வரைக்கும் ஞாயிறுதோறும் அனுப்பப் போதிய படம் எடுக்கவேண்டும். லூர்த்தம்மா றங்குப்பெட்டியைத் திறந்து ஜஸ்ரினின் பழைய சேட்டுகளையெல்லாம் எடுத்துப் போட்டாள். ஹாரூன் சேட்டை மாற்றிமாற்றி, கதிரையில், யன்னலோரத்தில், மேல்தளத்தில் என்று நின்றான். முதலில் தாடியோடு, பிறகு தாடியைக் கொஞ்சம் வெட்டி, பிறகு மழித்து. எடுத்த திகதி படத்தோடு போகாது என்று கஜீவன் சொல்லியிருந்தான். தான் சந்தேகிக்கப்பட்டது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மார்கழிப் படத்துக்கு மார்கழி தெரியவேண்டும் அல்லவா? லூர்த்தம்மா போன வருடத்து வெளிச்சக்கூட்டைத் தூசி தட்டி மேல்தளத்தில் தூக்கினாள். ஐந்து முனை நட்சத்திரம். ஒழுங்கையில் வலையோடு போன றஞ்சித் நின்று பார்த்தான்.

“என்ன லூர்த்தக்கா, இந்த வருசம் பாலன் குறைமாசத்திலையே பிறக்கப்போறாரோ?”

“லைற் எரியுதோ எண்டு பாக்கிறன்ரா. நீ என்ன, கடலுக்குப் போனாப்பிறகோ வலையிலை பொத்தல் பாக்கிறனி?”

“சரி சரி. அப்ப கேக்கையும் இண்டைக்கே வெட்டுங்கோ, வாறன்.”

வீட்டுக்குள்ளே பாலன் கூட்டையும் வைத்தாள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் வைத்தாயிற்று. பாலன் யேசுவின் சின்னச் சுருவத்தை மட்டும் பஞ்சோடு பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

“அவரை இந்தப் பொய்க்குக் கூப்பிடமாட்டன்,” என்றாள். “நத்தாருக்கு முதல் வைக்கிறதும் இல்லை.”

ஹாரூன் சிரித்தான். அந்தச் சிரிப்போடேயே ஒரு படம் விழுந்தது.

அடுத்த நாள் விடிய அவன் வெளிக்கிட்டான். எங்கே தங்கப்போகிறான் என்று சொல்ல வாயெடுத்தவனை அவள் தடுத்தாள்.

“எனக்குச் சொல்லாதை. தெரியாததை என்னட்டையிருந்து ஒருத்தரும் எடுக்கேலாது.”

அவன் குனிந்து அவள் கால்களைத் தொட்டான். அவன் மதத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. இங்கே பார்த்துப் பழகியது. அவள் அவன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். அவனும் தடுக்கவில்லை.

ஞாயிறுகள் வந்தன. லூர்த்தம்மா பூசைக்குப் போய்வந்து ஒவ்வொரு படமாக அனுப்பினாள். குரலும் பதிந்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. “உங்கடை பிள்ளை சுகமாயிருக்கிறான்” என்பதை அவளால் பொய்யென்று நினைக்க முடியவில்லை. எங்கேயோ சுகமாகத்தானே இருக்கிறான். ஆனால் அந்தப் படத்து முதியவள் யாரென்றே தெரியாமல் போனது அவள் மனதை அரித்தது. யாரோ பெற்ற ஒருத்தியின் முகத்தை எடுத்து இந்த வேலைக்கு வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். ஆகையால் “உங்களுக்காகச் செபிக்கிறன்” என்பதை மட்டும் லூர்த்தம்மா விடாமல் சொன்னாள், உண்மையாகவே செபித்தும் வந்தாள். பதில் வழமைபோல வந்தது. அன்னையார் மகிழ்ச்சி அடைந்தார்.

கார்த்திகை முடிவில் புயல் வந்தது. விடாத மழை. குருநகர் ஒழுங்கைகளில் முழங்காலளவு தண்ணீர். வள்ளங்களைக் கரையில் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். சில குடும்பங்கள் கோயில் மண்டபத்தில் படுத்தன. அந்த ஞாயிறும் லூர்த்தம்மா சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூசைக்குப் போனாள். மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு நனைந்து திரும்பி, கை பழகியபடி அடுத்த படத்தை எடுத்து அனுப்பினாள். மழித்த முகத்தோடு ஹாரூன் மேல்தளத்தில் உடுப்புக் காயப்போடுகிறான். பின்னால் வெளிச்சக்கூடு.

வழமையான பதில் வரவில்லை. நெடுநேரம் கழித்து வேறொரு புதிய இலக்கத்திலிருந்து எழுத்து வந்தது. ஆனால் அதே மிசின் தமிழ்.

“மதிப்பிற்குரிய அம்மையாரே, உங்கள் நகரத்தில் வெள்ளம் என்று செய்தியில் கண்டேன். உங்கள் படத்தில் தரை காய்ந்துள்ளது. ஆடைகள் வெயிலில் உள்ளன. இந்தப் படத்தை நான் என் மேலதிகாரிகளிடம் கொடுக்கவில்லை. வீட்டின் உள்ளே எடுத்த படம் இருந்தால் அதை அனுப்புங்கள். இந்த எண்ணுக்குப் பதில் எழுத வேண்டாம்.”

லூர்த்தம்மா ஈரச் சீலையோடேயே கதிரையில் இருந்தாள். நட்சத்திரத்தை நினைத்தாள், தாடியை நினைத்தாள், பாலனைக்கூட நினைத்தாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் மழையை நினைக்கவில்லை.

இது வலையா? ஒருமுறை நம்பித்தான் இவ்வளவும் வந்தது. உள்ளே எடுத்த படத்தை அனுப்பினால், எடுத்து வைத்த படங்கள் இருக்கின்றன என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். அனுப்பாவிட்டால் ஹாரூன் பிளேன் ஏறுமுன் தேடத் தொடங்கிவிடுவார்கள். யாரிடமாவது கேட்கலாம் என்றால் யாரிடம்?

அந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். முதலில் வந்த வியாபாரி அவளிடம் ஒன்றைக் கேட்டு வந்தான். இந்த ஆள் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தன் உயிருக்கே ஆபத்தான ஒன்றை அவள் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கிறது. எங்கோ ஒரு பூட்டிய அறையில் இருந்து, ஞாயிறுதோறும் ஒரு கிழவியின் முழங்கால் நோவையும் மீன்குழம்பையும் கேட்டுக்கொண்டிருந்த ஆள். ஆணோ பெண்ணோ தெரியாது. அதற்கும் ஒரு வீடு இருக்கும், ஒரு தாய் இருப்பாள் அல்லது இல்லாமல் போயிருப்பாள். ஏன் இப்படிச் செய்தது என்று லூர்த்தம்மா ஆராயவில்லை. நன்மையை வாசலில் நிறுத்திவைத்துக் காரணம் கேட்டால் அது வெட்கப்பட்டுத் திரும்பிவிடும் என்று நினைக்கிறவள் அவள்.

பாலன் கூட்டுக்குப் பக்கத்தில் ஹாரூன் சிரிக்கிற படத்தைத் தேடி எடுத்தாள். யேசுவே என்று சொல்லிக்கொண்டு பழைய இலக்கத்துக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் பதில் வந்தது. “நன்றி. அன்னையார் மகிழ்ச்சி அடைந்தார்.”

அந்த வருடம் நத்தாருக்கு முன்பே ஹாரூனின் குரல் போனில் வந்தது.

“அம்மா, வந்திட்டன். இஞ்சை பனி. மூக்கு இருக்கோ எண்டு தொட்டுப் பாத்தால்தான் தெரியுது.”

“தலையை மூடு மோனை, தலையை மூடு,” என்று மட்டுமே அவளால் சொல்ல முடிந்தது.

தை பிறந்த பிறகு பொலிசார் ஒரு கடதாசியோடு வந்து மேல்வீட்டைப் பார்த்தார்கள். ஆள் எங்கே என்றார்கள். நாட்டை விட்டுப் போய்விட்டான் என்றாள். இந்த வீட்டை விட்டு எப்போது போனான் என்றார்கள்.

“நான் பூசைக்கும் சந்தைக்கும் போறனான் தம்பி. வாசலிலை நிண்டு ஆள் போறதைப் பாத்துக்கொண்டிருக்கேல்லை.”

மழைக்கு முன்பே போய்விட்டான் என்று சொல்லியிருந்தால் அது அந்தப் புதிய இலக்கத்து ஆளின் தலையில் போய் விழும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்ததாகச் சட்டத்தரணி தர்சினி போன் எடுத்தாள். ஹாரூன்தான் இலக்கத்தைக் கொடுத்திருந்தான். நல்ல பிள்ளை, இப்படியானவர்களுக்காகக் காசு வாங்காமல் அலைகிறவள்.

“அன்ரி, நாளைக்கு வாறன். ஒண்டும் அழிச்சுப்போடாதேங்கோ. அந்த வியாபாரி தந்த நம்பர், அவையள் எழுதினது, நீங்கள் அனுப்பினது எல்லாம் வேணும். வெளிநாட்டுக்காரர் இஞ்சை வந்து எங்கடை சனத்தை ஏமாத்தி இப்பிடி உளவு பாக்கினம் எண்டு வெளியிலை சொல்லவேணும். அங்கத்தைப் பேப்பர்களிலையும் வரும்.”

“ஹாரூனுக்கு இனி ஒண்டும் வராதே பிள்ளை?”

“அவருக்கு ஒண்டும் இல்லை, அவர் போய்ச் சேந்திட்டார். இது மற்றாக்களுக்காக.”

“இதுகளை எழுதின ஆள் ஆரெண்டு கண்டுபிடிப்பினமோ?”

“நம்பர் இருந்தால் கண்டுபிடிக்கலாம் அன்ரி. அகப்பட்டால் நல்லதுதானே?”

“ஓம். நல்லதுதான்,” என்றாள் லூர்த்தம்மா.

காலையில் அரிசியை உலையில் போட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு குசினி மரவாங்கில் இருந்தாள். தர்சினி வர இன்னும் நேரம் இருந்தது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அந்த வியாபாரியின் இலக்கம் இருக்கட்டும். அன்னையார் மகிழ்ந்ததெல்லாம் இருக்கட்டும். ஏமாற்றியவர்களை உலகம் அறியட்டும். அதில் அவளுக்கு மறுப்பில்லை. தான் ஏமாந்ததையும் உலகம் அறிந்து சிரிக்கட்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் வெயில் எறிக்கிற அந்தப் படத்தைத் தேடினாள். காய்ந்த தளம், காயும் உடுப்பு. அதை அழித்தாள். பிறகு மழைநாளில் எழுத்து வந்த அந்த மற்ற இலக்கத்துக்குப் போனாள். ஒரேயொரு எழுத்துக் கட்டு. கடைசித் தடவையாக முழுவதையும் வாசித்தாள். பெயர் தெரிந்திருந்தால் செபத்தில் சொல்ல வசதியாக இருக்கும் என்று தோன்றியது. அந்தப் பக்கத்தில் இருக்கும் தடயத்தை அந்த ஆள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். தன் பக்கத்தால் ஒரு கேடும் வரக்கூடாது. விரலை எழுத்தின்மேல் அழுத்திப் பிடித்தாள்.

அழிக்கவா என்று போன் கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டினால் அதற்கு விளங்காது என்று பிறகுதான் நினைவு வந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.